நிலத்தடி ஹீட் பம்ப்: கடுங்குளிர் பிரதேசத்து ஒதுக்குப்புற ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அலாஸ்காவிலும் கனடாவின் வட பகுதியிலும் சாலை எட்டாத ஊர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆறும் கடலும் உறையாமல் இருக்கும் கோடை மாதங்களில் படகில் டீசல் வந்து இறங்கும். படகு போக முடியாத ஊருக்கு விமானத்தில் போகும். அந்த டீசலை எரித்துத்தான் மின்சாரம், அதையே எரித்துத்தான் வீட்டுக்குச் சூடு. வந்து சேரும் கூலியும் விலையில் ஏறிவிடுவதால், குளிர்காலம் முடிவதற்குள் குடும்பத்தின் கையிருப்பு கரைந்துவிடும். தொட்டி கசிந்தால் மண்ணும் குடிநீரும் கெடும்.

இப்படிப்பட்ட ஊரில், காலடி மண்ணிலிருந்தே சூட்டை எடுக்கலாம் என்று கேள்விப்பட்டால் ஆசை வருவது இயல்பு. எடுக்கவும் முடியும். ஸ்வீடனில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நிலத்தடி ஹீட் பம்புகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஸ்வீடனில் வேலை செய்வது ஆர்க்டிக் ஓரத்து டீசல் கிராமத்திலும் அப்படியே வேலை செய்யும் என்று நம்பிப் பணத்தைப் போட்டுவிடக் கூடாது. இந்த வழிகாட்டி முழுக்க நான் வற்புறுத்தப்போவது ஒரு வரிசையைத்தான்: முதலில் மின்சாரம், அப்புறம் வீடு, அப்புறம் மண். இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது இவை மூன்றும் தேறிய பிறகு.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது

வீட்டு ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சி, பின்பக்கக் கம்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்பும் அதே இயந்திரம்தான். இங்கே மண் ஃப்ரிட்ஜின் உள்பக்கம், வீடு அதன் பின்பக்கம். மண்ணுக்குள் பதித்த பிளாஸ்டிக் குழாயில் உறையாத திரவம் ஒன்று சுற்றி வரும். மண் 2 டிகிரியில் இருக்கும்போது, திரவம் மைனஸ் 3 டிகிரியில் உள்ளே போனால், மண்ணின் சூடு திரவத்துக்கு ஏறிவிடும். கம்ப்ரஸர் அந்தக் குறைந்த சூட்டை 35 அல்லது 50 டிகிரிக்கு உயர்த்தி வீட்டுக்குள் விடும்.

ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட்-மணி, மின்சாரத்தைச் செலவழித்து மூன்று யூனிட் சூடு கிடைத்தால், அதன் செயல்திறன் எண் 3. இதைத்தான் இந்தத் தொழிலில் சிஓபி என்கிறார்கள். கம்பெனிக்காரர் தாளில் 4 என்று போட்டிருப்பார். குளிர்ப் பிரதேசத்தில், குழாயில் திரவத்தைச் சுற்றவைக்கும் சர்க்குலேஷன் பம்பின் மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 2.5 முதல் 3 வரை கிடைத்தாலே நல்லது.

காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் ஹீட் பம்ப் இதைவிட மலிவு. குளிர் அவ்வளவு கடுமையாக இல்லாத இடத்தில் அதுவே போதும். மைனஸ் 30, மைனஸ் 40 என்று போகும் ஊரில், சூடு மிகவும் தேவைப்படும் அந்த நாட்களில்தான் அதன் திறன் சரிந்துவிடும், அல்லது ஓடாமலே நின்றுவிடும். மண்ணுக்கு அந்த ஏற்ற இறக்கம் கிடையாது. மார்ச் மாதத்திலும் அது சுழியத்தை ஒட்டித்தான் இருக்கும்.

படி 1: மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

எல்லாவற்றுக்கும் முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் சூடு இருக்கிறது. வீட்டில் உள்ள நல்ல சூட்டடுப்பில் எரித்தால் அதில் 8.5 யூனிட் வீட்டுக்குக் கிடைக்கும். அதே லிட்டரை ஊர் ஜெனரேட்டரில் எரித்தால் கிடைக்கும் மின்சாரம் 3.5 யூனிட். ஆண்டுக்கு 24,000 யூனிட் சூடு தேவைப்படும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சூட்டடுப்புக்கு வேண்டிய டீசல் ஏறக்குறைய 2,820 லிட்டர்.

இப்போது அங்கே சிஓபி 3 உள்ள ஹீட் பம்ப் வைக்கிறோம். 8,000 யூனிட் மின்சாரம் வேண்டும். கம்பியில் போகும் இழப்பு 6 சதவீதம் என்றால், ஜெனரேட்டர் 8,500 யூனிட் தயாரிக்க வேண்டும், அதாவது 2,430 லிட்டர். மிச்சம் 390 லிட்டர். சிஓபி 2.5 ஆகக் குறைந்துவிட்டால் ஜெனரேட்டருக்கே 2,900 லிட்டருக்கு மேல் வேண்டும். இத்தனை செலவு செய்து, குழி தோண்டி, முன்பைவிட அதிக டீசல் எரிப்பதில் போய் முடியும்.

மின்சாரம் நீர்மின் நிலையத்திலிருந்தோ காற்றாலையிலிருந்தோ வந்தால் கதையே வேறு. அந்த 2,820 லிட்டரும் மிச்சம். அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. ஆனால் அங்கே மின்சாரம் பெரும்பாலும் நீர்மின் நிலையங்களிலிருந்து வருகிறது, கடலோரம் என்பதால் நிலமும் நிரந்தரமாக உறைந்து கிடப்பதில்லை. அதனால்தான் அந்த ஊர் விமான நிலையமும் பொது நீச்சல் மையம் ஒன்றும் நிலத்தடி ஹீட் பம்பில் நன்றாகச் சூடாகின்றன. கனடாவின் மானிட்டோபா மாகாணத்திலும் நீர்மின்சாரம் தாராளம்.

முழுக்க டீசல் மின்சாரத்தை நம்பிய ஊரா? அப்படியானால் ஹீட் பம்பைத் தள்ளிவைத்துவிட்டு ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போங்கள். எரிக்கும் டீசலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரோடு வீணாகப் போகிறது. அந்தத் தண்ணீரின் சூட்டைக் குழாய் போட்டுப் பக்கத்தில் உள்ள பள்ளிக்கூடத்துக்கும் குடிநீர் நிலையத்துக்கும் கொண்டுபோகலாம். அலாஸ்காவின் பல கிராமங்களில் இது நடைமுறையில் இருக்கிறது. இதற்குப் புதிதாக மின்சாரம் தயாரிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே காசு கொடுத்து எரித்த டீசல்தான். இதைச் செய்யாமல் ஹீட் பம்புக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. காடு உள்ள ஊரில் மரச்சில்லு பாய்லரும் நல்ல வழி. அலாஸ்காவின் டோக் என்னும் ஊரில் பள்ளிக்கூடமே மரச்சில்லில் சூடாகிறது.

காற்றாலை வரப்போகிறது, இன்னும் வரவில்லை என்ற நிலையில் உள்ள ஊர்கள், காற்றாலை ஓட ஆரம்பித்த பிறகு குழி தோண்டினால் போதும்.

படி 2: சூடு வெளியேறாமல் வீட்டை அடைத்துவிடுங்கள்

சுவரிலும் கூரையிலும் சூடு ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஹீட் பம்ப் வைத்தால், இரண்டு மடங்கு குழாயும் இரண்டு மடங்கு பெரிய கம்ப்ரஸரும் வாங்க வேண்டியிருக்கும். பழைய வீடுகளில் ஆண்டுத் தேவையை 40,000 யூனிட்டிலிருந்து 24,000 யூனிட்டுக்குக் கொண்டுவருவது பல இடங்களில் சாத்தியம்: கூரையில் கூடுதல் வெப்பக் காப்பு, தரைக்கு அடியில் வெப்பக் காப்பு, கதவு ஜன்னல் இடுக்குகளை அடைப்பது. கதவில் பெரிய விசிறியைப் பொருத்திக் காற்றை உறிஞ்சி, எங்கெல்லாம் குளிர் காற்று உள்ளே நுழைகிறது என்று கையால் தடவிக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று உண்டு. அதைக் கட்டாயம் செய்யுங்கள். வீட்டை இறுக்கமாக அடைத்த பிறகு காற்றோட்டத்துக்கு வழி வைக்க மறக்க வேண்டாம். இல்லையென்றால் ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம் வெப்ப இழப்பைக் கணக்கிடுங்கள். அந்த ஊரின் கடுங்குளிர் நாளில், உதாரணத்துக்கு மைனஸ் 40ல், வீட்டை 20 டிகிரியில் வைக்க எத்தனை கிலோவாட் வேண்டும்? நம் 24,000 யூனிட் வீட்டுக்கு அது 8 கிலோவாட்டை ஒட்டி வரும். அந்த எட்டையும் ஹீட் பம்பே தர வேண்டும் என்று நினைக்காதீர்கள். உச்சக் குளிர் ஆண்டில் சில நாட்கள்தான். 6 கிலோவாட் பம்ப் ஆண்டுத் தேவையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளும். மீதிக்குப் பழைய விறகடுப்போ எண்ணெய் அடுப்போ இருக்கிறது.

ஆகவே பழைய அடுப்பைக் கழற்றிப் போட வேண்டாம். மின்சாரம் போய்விட்டால் ஹீட் பம்பும் நின்றுவிடும். மைனஸ் 40ல் மின்சாரம் இல்லாமல் ஓர் இரவு கழிந்தால் வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள் வெடித்துவிடும். மின்சாரமே தேவைப்படாத ஒரு சூடு எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும்.

படி 3: மண்ணைப் படியுங்கள்

தரையிலிருந்து பத்து மீட்டர் ஆழத்தில் மண்ணின் சூடு ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். அது அந்த ஊர்க் காற்றின் ஆண்டுச் சராசரியைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். பனி போர்வையாக மூடியிருப்பது அதற்கு ஒரு காரணம். ஆண்டுச் சராசரி மைனஸில் இறங்கிவிட்டால் நிரந்தர உறைநிலம், அதாவது கோடையிலும் உருகாத மண், எதிர்ப்பட ஆரம்பிக்கும்.

எங்கு பார்த்தாலும் உறைநிலமாக இருக்கும் ஊரில் இந்தத் திட்டமே வேண்டாம். அங்கங்கே மட்டும் உறைநிலம் உள்ள, அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் போன்ற பகுதியில் இடம் பார்த்துச் செய்யலாம். அங்கே மரங்களே ஓரளவு அடையாளம் சொல்லும். வடக்குப் பார்த்த சரிவில் குட்டையான கரு ஸ்புரூஸ் மரங்களும் தடித்த பாசியும் இருந்தால், அடியில் உறைநிலம் இருக்க வாய்ப்பு அதிகம். தெற்குப் பார்த்த சரிவில் பிர்ச், ஆஸ்பென் மரங்கள் செழித்திருந்தால் நல்ல அறிகுறி. இருந்தாலும் மரத்தை மட்டும் நம்பி ஆர்டர் கொடுத்துவிடாமல், இரண்டு மூன்று இடங்களில் துளைபோட்டு மண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை இரண்டு: மண் எவ்வளவு நன்றாகச் சூட்டைக் கடத்துகிறது, அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது. காய்ந்த மணல் மோசம். நீர் ஊறிய மணல் அதைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். கருங்கல் பாறை இன்னும் நல்லது. ஸ்வீடனின் வெற்றிக்கு அந்த நாட்டின் பாறையும் ஒரு காரணம். காய்ந்த சதுப்புப் புல்மண் கம்பளி மாதிரி தடுத்துவிடும்.

தண்ணீர் முக்கியம் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் சுழியத்தில் பனிக்கட்டியாக உறையும்போது கிலோவுக்கு 334 கிலோஜூல் சூட்டை வெளியே விடுகிறது. ஒரு கன மீட்டர் மண்ணில் 300 லிட்டர் தண்ணீர் இருந்தால், அது உறைவதால் மட்டுமே 28 யூனிட் சூடு கிடைக்கும். நம் வீட்டுக்கு ஆண்டு முழுக்க மண்ணிலிருந்து எடுக்கப்போவது ஏறக்குறைய 15,000 யூனிட். அதாவது 540 கன மீட்டர் ஈர மண் உறைந்தால் மொத்தக் குளிர்காலமும் ஓடிவிடும். உறைந்த மண் சூட்டை இன்னும் நன்றாகக் கடத்தும் என்பது கூடுதல் நன்மை.

ஆனால் உறையும் மண் வீங்கும். அந்த வீக்கம் வீட்டு அஸ்திவாரத்தையே தூக்கிவிடும் வலிமை உள்ளது. குழாய்களை அஸ்திவாரத்திலிருந்தும், தண்ணீர், கழிவுநீர்க் குழாய்களிலிருந்தும் பல மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். எவ்வளவு தள்ளி என்பதை மண் பொறியாளரிடம் கேட்டு முடிவெடுங்கள். களிமண் கலந்த நுண்மண்ணில் அந்த இடைவெளி அதிகம் வேண்டும்.

பள்ளிக்கூடம் மாதிரியான பெரிய கட்டடத்துக்கு ஆழ்துளை போடுவதாக இருந்தால், ஒரு துளையை மட்டும் முதலில் போட்டு வெப்பச் சோதனை செய்யுங்கள். குழாயில் சூடான திரவத்தை இரண்டு நாட்களுக்கு மேல் ஒரே அளவில் ஓடவிட்டு, அது எவ்வளவு வேகமாகச் சூடேறுகிறது என்று பார்த்தால் மண்ணின் கடத்துதிறன் தெரிந்துவிடும். தனி வீட்டுக்கு இந்தச் செலவு கட்டாது.

ஏரியோ கடலோ பக்கத்தில் இருக்கிறதா? அதையும் பாருங்கள். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியாக இருக்கும் என்பதால், ஆழமான நன்னீர் ஏரியின் மேலே பனிக்கட்டி மூடியிருந்தாலும் அடியில் தண்ணீர் உறையாமல் கிடக்கும். அலாஸ்காவின் ஸீவர்ட் நகரில் உள்ள அலாஸ்கா சீலைஃப் சென்டர், ரெசரெக்‌ஷன் விரிகுடாவின் கடல் நீரிலிருந்தே ஹீட் பம்ப் வழியாகச் சூட்டை எடுக்கிறது.

படி 4: குழாய்ச் சுற்றை வடிவமைப்பது

இங்கேதான் கடுங்குளிர் ஊர் மற்ற ஊர்களிலிருந்து முழுக்க வேறுபடுகிறது. மிதமான நாடுகளில் அதே இயந்திரம் கோடையில் வீட்டைக் குளிர்விக்கும். வீட்டின் சூடு மண்ணுக்குத் திரும்பிப் போகும். வடக்கே யாருக்கும் குளிர்விப்பு தேவையில்லை. மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறோம், திருப்பித் தருவது கோடை வெயில் மட்டும்தான்.

ஃபேர்பேங்க்ஸில் உள்ள குளிர்ப் பிரதேச வீட்டு ஆராய்ச்சி மையம் 2013ல் தன் கட்டடத்துக்கே இப்படி ஓர் அமைப்பைப் பதித்து, ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தது. குழாய்களுக்கு மேலே ஒரு பகுதியில் புல், ஒரு பகுதியில் சரளை, ஒரு பகுதியில் மணல் என்று விட்டு, எது கோடைச் சூட்டை நன்றாக உள்ளே இறக்குகிறது என்றும் சோதித்தார்கள். முதல் குளிர்காலத்தில் நன்றாக இருந்த செயல்திறன் அடுத்த ஆண்டுகளில் இறங்கியது. இதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. முதல் ஆண்டு எண்ணைக் காட்டி விற்பவர்களிடம் ஐந்தாம் ஆண்டு எண்ணைக் கேட்க வேண்டும் என்பதை அந்த அளவீடுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தது.

குழாயைக் குழியில் கிடைமட்டமாகப் பதிப்பதா, ஆழ்துளையில் இறக்குவதா? ரிக் வண்டியை ஊருக்குக் கொண்டுவருவது பெரும் செலவு. ஊரில் ஏற்கெனவே மண் தோண்டும் இயந்திரம் இருக்கும். இடம் இருந்து, மண்ணும் ஈரமாக இருந்தால், தனி வீட்டுக்குக் கிடைமட்டக் குழியே என் தேர்வு. பாறை மேலாக இருக்கும் ஊரில் ஆழ்துளைதான் வழி. அப்படியானால் ஒரு வீட்டுக்காக ரிக்கை வரவழைக்க வேண்டாம். பத்து இருபது வீடுகளையும் பள்ளியையும் மருந்தகத்தையும் சேர்த்து ஒரே பருவத்தில் போட்டுவிட்டால்தான் கூலி பங்கு பிரியும்.

நீளம் எவ்வளவு? ஐரோப்பியக் கையேடுகளில் ஈரக் களிமண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 20 வாட், நல்ல பாறைக்கு மீட்டருக்கு 50 வாட்டுக்கு மேல் என்றெல்லாம் எண்கள் கிடைக்கும். அவை ஆண்டுக்கு 1,800 முதல் 2,400 மணி நேரம் ஓடும் பம்புக்கான எண்கள். நம் 6 கிலோவாட் பம்ப் 3,700 மணி நேரம் ஓடும், மண்ணும் அங்கே உள்ளதைவிடக் குளிர்ந்தது. ஆகவே முதல் மதிப்பீட்டுக்குப் பாதியாக எடுத்துக்கொள்வது நல்லது. சிஓபி 3ல் மண்ணிலிருந்து வர வேண்டியது 4 கிலோவாட். சதுர மீட்டருக்கு 10 வாட் என்றால் 400 சதுர மீட்டர் நிலம். ஆழ்துளையில் மீட்டருக்கு 25 வாட் என்றால் 160 மீட்டர். இது பேச்சைத் தொடங்குவதற்கான கணக்கு. கடைசி நீளத்தை, பத்து இருபது ஆண்டுகளுக்கு மண்ணின் சூட்டைக் கணித்துக் காட்டும் மென்பொருளில் போட்டுப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

மண்ணுக்குச் சூட்டைத் திருப்பித் தர மலிவான வழிகள் உண்டு. குழாய்க்கு மேலே நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் மேலே கிடக்கும் பனியை வாராதீர்கள், அது மண்ணைக் காக்கும். வசந்தம் வந்ததும் சீக்கிரமாகத் தள்ளிவிடுங்கள், வெயில் நேரே மண்ணில் விழட்டும். கொஞ்சம் கூடுதல் செலவு செய்ய முடிந்தால், கூரையில் சூரிய வெந்நீர்த் தகடுகளை வைத்து, கோடையின் நீண்ட பகலில் அந்தச் சூட்டைக் குழாய்ச் சுற்றுக்குள்ளேயே விடலாம். பக்கத்தில் பனிக்கட்டி செறிந்த உறைநிலம் இருந்தால் மட்டும் இதைச் செய்யக் கூடாது. அது உருகினால் நிலம் உள்வாங்கிவிடும்.

படி 5: வீட்டுக்குள் எந்தச் சூடு

வீட்டுக்குள் விடும் தண்ணீரின் சூடு எவ்வளவு குறைவோ அவ்வளவு லாபம். மைனஸ் 3 டிகிரித் திரவத்திலிருந்து 35 டிகிரித் தண்ணீர் தரும்போது சிஓபி 3.6 வரை வரும் இயந்திரம், 55 டிகிரி கேட்டால் 2.5க்கு இறங்கிவிடும். படி 1ல் பார்த்தோமே, டீசல் மின்சாரத்தில் அந்த இறக்கம்தான் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவே உள்ள கோடு.

தரைக்கடியில் குழாய் பதித்த வீட்டுக்கு 35 டிகிரி போதும். பழைய சுவரோரச் சூடாக்கிகள் 70 டிகிரித் தண்ணீருக்காகச் செய்யப்பட்டவை; அவற்றோடு ஹீட் பம்பை இணைத்தால் ஏமாற்றம்தான். பெரிய ரேடியேட்டர்களாக மாற்றவும், அல்லது விசிறி வைத்த சூடாக்கிகளைப் போடவும்.

இயந்திரம் வாங்கும்போது, குளிர்பதன வாயுச் சுற்று முழுவதும் ஆலையிலேயே மூடி முத்திரையிட்ட ஒற்றைப் பெட்டியாக வருவதைக் கேளுங்கள். ஊரில் வாயு நிரப்பத் தெரிந்த ஆள் இருக்க மாட்டார். பெட்டிக்குத் தண்ணீர்க் குழாய்களையும் மின்சாரத்தையும் இணைப்பதோ உள்ளூர்ப் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் செய்யக்கூடிய வேலை.

படி 6: ஊர் மின்கட்டமைப்போடு பேசுங்கள்

கம்ப்ரஸர் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பெரிய நகரத்துக்கு அது ஒன்றுமில்லை. சின்ன ஜெனரேட்டரில் விளக்குகள் மங்கும். வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸரோ, மெதுவாகத் தொடங்கவைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டரோ கட்டாயம் வேண்டும்.

இதைவிட ஆபத்தானது, ஹீட் பம்போடு சேர்ந்தே வரும் மின்சாரச் சூடாக்கும் கம்பி. முப்பது வீடுகளில் எட்டு எட்டு கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 40 இரவில் எல்லாம் ஒன்றாக ஓடினால் 240 கிலோவாட். ஊர் ஜெனரேட்டர் தாங்காது. அந்தக் கம்பியைத் துண்டித்துவிட்டு, உச்சக் குளிருக்கு விறகையோ எண்ணெயையோ நம்புங்கள். மின்தடை முடிந்து மின்சாரம் திரும்பும்போது எல்லா வீட்டுப் பம்புகளும் ஒரே நேரத்தில் தொடங்காதபடி, வீட்டுக்கு வீடு வேறு வேறு தாமத நேரம் அமைத்துவிடுங்கள்.

படி 7: ஆர்டரும் பயணமும்

பொருள் எல்லாம் கோடைப் படகிலோ குளிர்காலப் பனிச்சாலையிலோதான் வந்தாக வேண்டும். ஒரு முழங்கைக் குழாய் விட்டுப்போனால் வேலை அடுத்த பருவத்துக்குப் போய்விடும். ஆகவே பட்டியலை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். உறையாத திரவத்தை அடர்த்தியாக வாங்கி வந்து ஊரிலேயே தண்ணீர் கலந்தால் சுமை வெகுவாகக் குறையும். கூடவே உதிரிகள்: சர்க்குலேஷன் பம்ப் ஒன்று, கன்ட்ரோல் போர்டு ஒன்று, கான்டாக்டர், கெபாசிட்டர், வெப்ப உணரிகள், வடிகட்டிகள். ஒரே ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாடலை வாங்கினால் இந்த உதிரிகள் எல்லோருக்கும் பொதுவாகும்.

படி 8: பதிப்பது

குழி இரண்டரை முதல் மூன்று மீட்டர் ஆழம். ஓரம் சரியாமல் சாய்வாக வெட்டுங்கள். மூன்று மீட்டர்க் குழி சரிந்தால் உள்ளே இருப்பவர் பிழைக்க மாட்டார். அடியில் கூர்கற்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு மணல் படுக்கை போட்டு, அதன்மேல் பாலிஎத்திலீன் குழாயை விரியுங்கள்.

மண்ணுக்குள் போகும் இணைப்பு ஒவ்வொன்றும் உருக்கி ஒட்டியதாக இருக்க வேண்டும். திருகு, கிளாம்ப் எதுவும் மண்ணுக்குள் போகக் கூடாது. இரண்டு முனைகளையும் நேராகச் சீவி, சுமார் 220 டிகிரி சூடான தட்டில் அழுத்தி, விளிம்பில் உருகிய வளையம் சீராக எழும்பியதும் தட்டை எடுத்துவிட்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்து, தானாக ஆறும் வரை அசைக்காமல் விட வேண்டும். குளிர் காற்று அடித்தால் தட்டின் சூடு ஒரு பக்கம் இறங்கிவிடும். கூடாரம் போட்டுக்கொண்டு ஒட்டுங்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் முதலில் ஒரு துண்டுக் குழாயில் ஒட்டிப் பார்த்து, அதை நீளவாக்கில் வெட்டி, வளைத்துச் சோதியுங்கள். அது பிரிந்தால் அன்றைக்கு எதையோ சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

மண் மூடும் முன் ஒருமுறை, மூடிய பின் ஒருமுறை அழுத்தச் சோதனை. மூடும்போது குழாயைச் சுற்றி வெற்றிடம் இல்லாமல் தண்ணீர் விட்டு இறுக்குங்கள். குழாய்க்கு மேலே எச்சரிக்கை நாடா, கூடவே கண்டுபிடிக்க ஒரு செம்புக் கம்பி. வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் தூரத்தை அளந்து வரைபடமாக்கி, படம் எடுத்து, ஊர் அலுவலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். பத்து ஆண்டு கழித்துக் கழிவுநீர்க் குழாய் போட வருபவர் அதைத்தான் தேடுவார்.

ஆழ்துளை என்றால், துளைக்கும் குழாய்க்கும் நடுவே சூடு கடத்தும் பெண்டோனைட் களிமண் கலவையை அடியிலிருந்து மேலாக நிரப்ப வேண்டும். வெறும் தண்ணீரை விட்டால், அது உறைந்து விரியும்போது குழாயை நசுக்கிவிட வாய்ப்பு உண்டு.

படி 9: திரவம் நிரப்பித் தொடங்குவது

உறையாத திரவத்துக்கு மூன்று தேர்வுகள்: புரோப்பிலீன் கிளைகால், எத்தனால், மெத்தனால். மெத்தனால் குளிரிலும் நீர்த்தே ஓடும், ஆனால் நச்சு, தீப்பிடிக்கும். குடிநீர்க் கிணறு பக்கத்தில் உள்ள ஊரில் நான் கிளைகாலைத்தான் சொல்வேன். அது குளிரில் கெட்டியாவதால் சர்க்குலேஷன் பம்ப் கூடுதல் மின்சாரம் எடுக்கும், அதை ஏற்றுக்கொள்ளலாம். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கலந்தால் மைனஸ் 13 வரை உறையாது. உங்கள் பகுதியில் எதற்கு அனுமதி என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழாயில் காற்று தங்கினால் பாதிச் சுற்று வேலை செய்யாது. வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் திரவத்தை ஓட்டினால்தான் காற்று முழுக்க வெளியேறும். வீட்டுப் பம்புக்கு அந்த வலு கிடையாது. இதற்கென்று பெரிய பம்பும் தொட்டியும் வைத்த தள்ளுவண்டி ஒன்றை ஊருக்குச் சொந்தமாக வாங்கிவிடுங்கள். வாடகைக்கு எடுத்ததைத் திருப்பி அனுப்பிவிட்டால் அடுத்த பழுதுக்கு ஊர் காத்துக் கிடக்க வேண்டும்.

ஓட ஆரம்பித்ததும் உள்ளே வரும் திரவத்துக்கும் வெளியே போகும் திரவத்துக்கும் 3 அல்லது 4 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். அதைவிட மிக அதிகம் என்றால் ஓட்டம் போதவில்லை. வடிகட்டியில் அழுக்கா, குழாயில் காற்றா என்று பாருங்கள். ஹீட் பம்புக்குத் தனி மின்மீட்டர் ஒன்றும் சூட்டு மீட்டர் ஒன்றும் முதல் நாளிலேயே பொருத்தப்பட வேண்டும்.

படி 10: ஆட்களும் பணமும்

மானிட்டோபாவில் பெகுயிஸ், ஃபிஷர் ரிவர் ஆகிய பூர்வகுடி ஊர்களில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஆக்கி எனர்ஜி என்னும் சமூகத் தொழில் நிறுவனம், அந்த ஊர்க்காரர்களையே பயிற்றுவித்து, அவர்கள் கையாலேயே வீடுகளுக்கு நிலத்தடி அமைப்புகளைப் போட்டது. முதலீட்டை மாகாண மின்வாரியத் திட்டத்தின் வழியாக முன்பணமாக வாங்கி, மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்தே மாதாமாதம் கழித்தார்கள். கூலி ஊருக்குள் தங்கியது, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஊருக்குள் தங்கினார்கள். ஒதுக்குப்புற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் அறியேன்.

பராமரிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆல்பர்ட்டாவின் ஒகோடாக்ஸில் உள்ள டிரேக் லேண்டிங் குடியிருப்பு சாட்சி. 2007ல் அங்கே 52 வீடுகளுக்காக, கோடை வெயிலின் சூட்டை 144 ஆழ்துளைகளில் சேர்த்து வைத்துக் குளிர்காலத்தில் எடுத்தார்கள். ஹீட் பம்ப் இல்லாமலேயே நடந்த வேலை அது. 2015-16 குளிர்காலத்தில் வீடுகளுக்கு வேண்டிய சூடு முழுவதும் சூரியனிலிருந்தே வந்தது. அப்படிப்பட்ட அமைப்பையே, கருவிகள் பழசாகிப் பழுதுகள் பெருகியதால் 2024ல் மூட முடிவெடுத்தார்கள். மண்ணும் குழாயும் ஐம்பது ஆண்டு தாங்கும். அவற்றோடு இணைந்த பம்புகளும் வால்வுகளும் கன்ட்ரோல் போர்டுகளும் தாங்காது. அவற்றை மாற்றுவதற்கான பணத்தை ஆண்டுதோறும் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கவனிக்க வேண்டியவை

மாதம் ஒருமுறை குறிப்பேட்டில் எழுதுங்கள்: மண்ணிலிருந்து வரும் திரவத்தின் சூடு, வீட்டுக்குப் போகும் தண்ணீரின் சூடு, குழாய் அழுத்தம், இரண்டு மீட்டர்களின் அளவு. அழுத்தம் மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கசிவு. ஆண்டுக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் சிறு கருவியில் ஒரு சொட்டுத் திரவத்தை விட்டு உறைநிலையைச் சரிபாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான எண், குளிர்காலம் முடியும் தறுவாயில், ஏப்ரலை ஒட்டி எடுக்கும் திரவச் சூடு. மண் மிகவும் களைத்திருக்கும் நேரம் அது. அந்த எண்ணை ஆண்டுக்காண்டு ஒப்பிடுங்கள். முதல் மூன்று நான்கு ஆண்டுகள் இறங்கி, அப்புறம் ஓரிடத்தில் நின்றுவிட்டால் கவலையில்லை. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால், மண் தாங்குவதைவிட அதிகமாக எடுக்கிறீர்கள் என்று பொருள். உடனே செய்யக்கூடியது, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விறகடுப்பைக் கூடுதலாக எரித்துப் பம்புக்கு ஓய்வு கொடுப்பது. அடுத்த கோடையில் சூரியத் தகடுகளைச் சேர்க்கலாம், அல்லது இன்னொரு குழி தோண்டிச் சுற்றை நீட்டலாம்.

இந்தக் குறிப்பேட்டையும், தள்ளுவண்டியை இயக்குவதையும், குழாய் ஒட்டுவதையும் ஊரில் குறைந்தது இரண்டு பேர் கற்றிருக்க வேண்டும். ஒருவர் வேலைக்கு வெளியூர் போய்விட்டாலும் ஜனவரியில் நின்றுபோன பம்பை மற்றவர் பார்த்துக்கொள்வார்.